எங்கள் ஜீப்புக்குக் குளிரெடுத்த காலம்

எங்கள் வீட்டில் நல்ல கம்பளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஜீப் போர்த்திக்கொண்டு தூங்கியது. எனக்கு ஒரு பழைய துப்பட்டி. ஜவ்வாது மலைப் பனியில் பல் தந்தியடிக்கும்போதெல்லாம், அடுத்த பிறவியில் ஜீப்பாகப் பிறக்க வேண்டுமென்று நான் மனமார வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா மலைக்கிராமங்களில் புளியும் சாமையும் வாங்கிப் போளூருக்குக் கொண்டுபோய் விற்பவர். அதற்காக எங்கோ ஏலத்தில் எடுத்த கிழட்டு ஜீப் அது. ஜீப்பைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் முன்சீட்டில் நிமிர்ந்து உட்காருவது மட்டும்தான். ஓட்டுவது அவருடைய தம்பி, என் சித்தப்பா. அதனால் எஞ்சின் விஷயத்தில் சித்தப்பா சொன்னதே எங்கள் வீட்டில் வேதவாக்கு.

"ராத்திரி பனியில ஆயிலு உறைஞ்சி கெடக்கும்ணா. எடுத்த எடுப்புல ஓட்டினா உள்ள எல்லாம் தேஞ்சிடும். சூடு ஏறணும்" என்பார். விடியும்போது கம்பளியை உரிப்பார். ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றுவார். முன்னால் ஹேண்டிலைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்றுவார். ஜீப் இருமி, தும்மி, ஒருவழியாக உறும ஆரம்பிக்கும். அதோடு விட்டாரா? நின்ற இடத்திலேயே அது உறுமிக்கொண்டே கிடக்கும். நடுநடுவே பானட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். வீணாய் எரியும் பெட்ரோலை நினைத்து அப்பா வயிறெரிந்துகொண்டு வீட்டுக்குள் உலாத்துவார்.

பனிக்காலத்தில் சரி. சித்திரை வெயிலில் ஓணான்கூட நிழல் தேடும் நாளிலும் சித்தப்பா சூடேற்றினார். "இப்ப இன்னாடா குளிரு?" என்று அப்பா கேட்டதற்கு, "மலைக்காத்துணா. வெளிய தெரியாது, உள்ளுக்குள்ள இருக்கும்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டார்.

ஜீப் உறுமத் தொடங்கினால் எதிர்வீட்டு நர்ஸக்கா இடுப்பில் குடத்தோடு எங்கள் கிணற்றுக்கு வருவார். ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்து தனியாக இருந்தார். எனக்கு அவர்மேல் ஊசிக்காகப் பயம், இட்லிக்காகப் பிரியம். அந்தக் குளிரில் எங்கள் வீட்டு மாவு எத்தனை நாள் வைத்தாலும் அரைத்த மேனிக்கு அசையாமல் கிடக்கும். எல்லார் வீட்டிலும் அதே கதிதான். அதனால்தான் களியும் சாமைச்சோறும். நர்ஸக்கா வீட்டு மாவு மட்டும் எப்படியோ பொங்கும், இட்லி தும்பைப்பூவாய் வரும். அம்மாவிடம் ரகசியம் கேட்டேன். "அது அவங்க கைராசி" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

இப்படி இருக்கையில் சித்தப்பாவுக்கு அப்பா பெண் பார்த்தார். போளூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர் மகள். தை மாத வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் அவர்கள் வாசலில் இறங்க வேண்டும். சித்தப்பா வாயே திறக்கவில்லை. வெட்கமாக்கும் என்று அப்பா சொன்னார், நானும் அப்படியே நினைத்தேன். கல்யாணம் நிச்சயமானால் எனக்கு ஆரணிப் பட்டில் சிவப்புப் பாவாடை. உலகத்தில் எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. சித்தப்பாவுக்கு முன்னால் அப்பா எழுந்து, குளித்து, அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கம்பளியை உரிக்க வந்த சித்தப்பா அவரைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். அம்மா தன் பழைய நீலக்கட்டம் போட்ட சேலையில் கிழித்த துண்டால் என் காதை மூடி, தலையைச் சுற்றிக் கட்டிவிட்டு, என்னையும் பின்னால் ஏற்றினாள்.

ஜீப் உறுமியது. வழக்கம்போல் நர்ஸக்கா வந்தார். அப்பாவைப் பார்த்தார். நேரே கிணற்றுக்குப் போனார். இறைத்தார், ஊற்றினார், மறுபடி இறைத்தார். அன்றைக்கு அவர் இறைத்த தண்ணீருக்கு ஒரு கழனியே நனைந்திருக்கும்.

"இன்னும் சூடு ஏறலணா. நீ போய் டீ குட்ச்சிட்டு வா."

"குட்ச்சாச்சி."

"பொட்டு வச்சிக்கலியா? கண்ணாடில பாத்துட்டு வாயேன்."

"டேய், பொண்ணு பாக்கப் போறது நானா நீயா?"

எனக்குப் பகீரென்றது. இவர் இப்படியே சூடேற்றிக்கொண்டிருந்தால் ராகுகாலம் பிறந்துவிடும், பாவாடை போய்விடும். குதித்து இறங்கி ஓடிப்போய்ப் பானட்டின்மேல் இரண்டு கையையும் வைத்தேன். "சுட்டுடுச்சி சித்தப்பா! நல்லாவே சுட்டுடுச்சி! கெளம்பலாம்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினேன். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

அம்மா மெல்லச் சொன்னாள்: "தம்பி, எறக்க வேண்டியது ஏதாவது இருந்தா எறக்கிடுங்களேன்."

"இன்னாத்த எறக்கறது? மூட்டையெல்லாம் நேத்தே எறக்கியாச்சி. எடுடா வண்டிய!" என்று அப்பா போட்ட அதட்டலில் சித்தப்பா ஏறி உட்கார்ந்தார். கிணற்றடியில் நர்ஸக்கா கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

மலைப்பாதையில் சில வளைவுகள்தான் இறங்கியிருப்போம். ஒரு மணம் வந்தது. முதலில் லேசாக, பிறகு அடிவயிற்றைக் கிள்ளும்படியாக. சந்தேகமே இல்லை, தோசை.

"இந்தக் காட்ல எவன் வூட்லடா தோச ஊத்தறான்?" என்று அப்பா மூக்கை நீட்டினார். இருபுறமும் மரங்கள்தான். அடுத்த வளைவிலும் தோசை. அதற்கடுத்த வளைவிலும். வீடே இல்லாத மலையில் தோசை எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. அந்தப் பனியிலும் சித்தப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது. "பாரு, மாப்ள ஆவப் போறான்ல, ஒதறல்" என்று அப்பா பெருமைப்பட்டார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள், அவள் தோள் குலுங்கியது. எனக்கோ பசியில் உயிர் போனது.

அடிவாரம் வந்தபோது பானட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ வழிந்தது. "அப்பா, ஜீப்புக்கு வாயில நொர தள்ளுது!" என்றேன்.

"இவன் அவ்ளோ நேரம் சூடேத்தினா தள்ளாம இன்னா பண்ணும்?" என்றார் அப்பா.

பெண்வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது ராகுகாலம் பிறக்கவில்லை. புகைதான் பிறந்திருந்தது. பானட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று வந்தது. வாசலில் கும்பிட்டபடி நின்ற பெண்ணின் அப்பா, கும்பிட்ட கையைப் பிரித்து, "ஐயோ, தீ புடிச்சிக்கப் போவுது!" என்று ஓடிவந்தார். சித்தப்பா குறுக்கே பாய்ந்து, "ஒண்ணும் இல்லீங்க, அதுவா அடங்கிடும், நீங்க உள்ள போங்க" என்றார். அவர் கேட்பாரா? மண்டிக்கு லாரி வைத்திருந்தவர், இரண்டு கொக்கியையும் விடுவித்துப் பானட்டைத் தூக்கிவிட்டார்.

பேட்டரிக்குப் பக்கத்தில் நீலத்துணி சுற்றி ஒரு எவர்சில்வர் தூக்கு. மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி, நாலாபக்கமும் வழிந்து, சுடச்சுட இருந்த புகைக்குழாயின்மேல் ஓரம் சிவந்து, மொறுமொறுவென்று ஒரு அருமையான தோசை வெந்திருந்தது.

ஜன்னலுக்குள்ளிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. அது பெண்தான் என்று பிறகு சொன்னார்கள்.

பெண்ணின் அப்பா தூக்கை வெளியே எடுத்து, துணியை உருவிப் போட்டார். கீழே விழுந்த துணியை அம்மா சட்டென்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தூக்கின் வயிற்றில் பெயர் வெட்டியிருந்தது. அவர் மாவைத் துடைத்துவிட்டு எழுத்துக்கூட்டினார்: "ஆரோக்கிய... மேரி. உங்க வூட்ல யாருங்க ஆரோக்கியமேரி?"

அப்பாவுக்கு உண்மையிலேயே தெரியாது. எதிர்வீட்டுக்காரர் அவருக்கு வெறும் நர்ஸம்மா, அவ்வளவுதான். "அப்டி யாருமே இல்லீங்களே. எந்தப் பய பண்ண வேலையோ" என்று தடுமாறினார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தோடு போயிருக்கும். ஆனால் மாசத்துக்கொரு காய்ச்சலும் காய்ச்சலுக்கொரு ஊசியுமாக வளர்ந்தவள் நான். ஊசி போடும்போதெல்லாம் என் கண்ணுக்கு நேரே நர்ஸக்காவின் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அது. விடை தெரிந்த பிள்ளை சும்மா இருக்குமா?

"எனக்குத் தெரியும்! எங்க எதிர்வூட்டு நர்ஸக்கா! அவங்க இட்லி தும்பப்பூ மாதிரி இருக்கும்!"

பெண்ணின் அப்பா சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தூக்கை அப்பாவின் கையில் பதமாக வைத்தார். "அங்க மாவு பொங்கற வரைக்கும் ஆயிருக்குது. அப்பறம் இங்க எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

திரும்பும்போது மலையடிவாரம் வந்ததும் அப்பா ஆரம்பித்தார் பாருங்கள்! "சூடு ஏறணும், சூடு ஏறணும்னு எம் பெட்ரோலுல ஊரார் வூட்டு மாவப் பொங்க வச்சியாடா? சித்திர மாசத்துல கூடவாடா?" என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒருமுறை கேட்டார். நான் சிவப்புப் பாவாடையை நினைத்துக் கேவிக் கேவி அழுதேன். சித்தப்பா வழியில் டீக்கடையில் நிறுத்தி, நான் கேட்காமலே எனக்கு ஜாங்கிரி வாங்கித் தந்தார். "நீதான்டி என் தங்கம்" என்று கன்னத்தைக் கிள்ளினார். பெண் தட்டிப்போன துக்கத்தில் மனுஷருக்குப் புத்தி பிசகிவிட்டதென்றே நினைத்தேன். பாவமாக இருந்தது.

அப்பா ஒரு மழைக்காலம் முழுக்க முறுக்கிக்கொண்டு திரிந்தார். கோயிலா மாதாகோயிலா என்று சண்டை நடந்தது. கடைசியில் சம்மதித்தார். பட்டுப்பாவாடை வந்தது, பச்சையில். நர்ஸக்காவை அதன்பிறகு நான் சித்தி என்றுதான் கூப்பிட்டேன். கல்யாணமான மறுநாளிலிருந்து ஜீப் ஒரே சுற்றில் கிளம்பியது, எந்தப் பனியிலும்.

ஜீப்பின் குளிரும் நர்ஸக்காவின் குடமும் சித்தப்பாவின் ஜாங்கிரியும் எனக்குப் பிறகு புரிந்தவை. புரிய ரொம்ப நாளான ஒன்று இன்னும் இருக்கிறது. பெண் பார்த்துத் திரும்பிய அன்று மாலை அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து அந்தத் தூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்து நீலக்கட்டத் துணியை எடுத்து மாவு போக அலசினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏம்மா, இது உன் சேலதான?"

"ஊர்ல நான் ஒருத்திதான் நீலச் சேல கட்டறனா? போய்ப் படி" என்றாள் அம்மா.

அதுவும் சரிதான் என்று தோன்றியது. அந்தச் சேலையின் மறுபாதி என் தலையில் காதை மூடிக் கட்டியிருக்க, நான் போய்ப் படித்தேன்.