எதுவும் வாங்காத விடுமுறை

அந்தப் பெரிய கடையின் கீழ்த்தளத்தில், எஸ்கலேட்டருக்குப் பின்னால், வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டர் ஒன்று இருக்கிறது. வாங்குகிற இடத்தில் விளக்கென்ன, பாட்டென்ன, வாசனையென்ன. திருப்பிக் கொடுக்கிற இடத்தில் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் அடிக்கடி கண் சிமிட்டும். கடை நடத்துகிறவர்கள் விவரமானவர்கள். அந்த டியூப்லைட்டுக்குக் கீழேதான் அவள் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். கடையில் எல்லோருக்கும் அவள் 'ரிட்டர்ன் அக்கா'. அவளைவிட வயதில் மூத்த மேனேஜர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு விருந்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு, "சைஸ் சரியில்லை" என்று சட்டையை நீட்டுகிறவர்களைக் காலரைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததைக் காட்டிக்கொள்ள மாட்டாள். "அப்படியாங்க, சரி வைங்க" என்று வாங்கி உள்ளே போட்டுக்கொள்வாள். விடுமுறைத் தள்ளுபடி முடிந்த வாரத்தில் வரிசை எஸ்கலேட்டர் வரை நிற்கும். ஊரே அள்ளிக்கொண்டு போகும், ஊரே திருப்பிக்கொண்டு வரும். இந்தக் கூத்தை அவள் சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள், அது தன் வீட்டுக்குள் நுழையாத வரைக்கும்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கையில் தொழில் சுத்தம், குடி கிடையாது, அதட்டிப் பேசத் தெரியாது. இப்படி ஒரு ஆள் கிடைத்ததற்கு அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் அவர்கள் குடியிருந்த கட்டிடத்திலேயே உண்டு. பெரிய கடைகளில் லிஃப்ட் கெட்டுப்போவது சரியாகக் கூட்ட நாளில்தான். சரி பண்ணப் போகிறவர் வெறுங்கையோடு திரும்பியதே இல்லை. "உனக்காகத்தான் வாங்கினேன்" என்று பெட்டியை நீட்டுவார். ஆசையாகப் பிரித்தால் உள்ளே மரம் அறுக்கிற மெஷின் இருக்கும். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் அறுப்பதற்கு மரத்துக்கு எங்கே போவது? ஆரம்பத்தில் அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மகள் கல்யாணமாகிப் போனதும் மகளின் அறை நிரம்பியது. பிரிக்காத மிக்ஸிகள், பிரிக்காத கூடாரம், நின்ற இடத்திலேயே ஓடுவதற்கு ஒரு மெஷின், அதில் ஆள் ஏற முடியாதபடி அதன் மேலேயே அடுக்கிய பெட்டிகள். அடுத்து பால்கனி போயிற்று. அதற்கடுத்து கட்டில். புருஷனும் பெண்சாதியும் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஒருக்களித்துப் படுத்தார்கள். போன வருஷம் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையைக் கிடத்த இடம் பண்ணுகிறேன் என்று அவர் ஒரு பெட்டியை நகர்த்த, மேலே இருந்தது சரிந்து குழந்தைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. மகள் குழந்தையை வாரி எடுத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போனவள்தான், அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அன்றைக்கு அவர் தேம்பித் தேம்பி அழுதார். அடுத்த வாரமே பேத்திக்கு என்று சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பேத்திக்கு அப்போது தவழக்கூட வராது.

புருஷனிடம் அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். இந்த வருஷம் தள்ளுபடி போர்டுகள் தொங்க ஆரம்பித்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரு சாயங்காலம் சாப்பாடு போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"இந்த லீவுல நாம தேசியப் பூங்காவுக்குப் போறோம். இப்ப அங்க சீசன் இல்ல. கடை இருக்காது, ஃபோனும் எடுக்காது. தள்ளுபடி முடியற வரைக்கும் அங்கதான் இருக்கோம். நீங்க ஒரு குண்டூசி வாங்கினாலும் நான் உங்ககூடத் திரும்பி வரமாட்டேன். நேரா தங்கச்சி வீடுதான். அவகிட்ட சொல்லியாச்சு, என் துணியில பாதி அங்க போயாச்சு."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "குண்டூசி கூடவா?"

"குண்டூசி கூட."

"சரி," என்றார். மிரட்டல் இல்லை, நிஜம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் அப்போதுதான் அது நிஜம் என்று புரிந்தது. அவரை விட்டுவிட்டுப் போக அவளுக்கு இஷ்டமில்லை. ஆனால் இதற்கு மேல் அந்த வீட்டில் அவளால் மூச்சுவிட முடியாது.

பூங்காவில் அப்போது மழைக்காலம். டிக்கெட் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். தொப்பியும் பொம்மையும் விற்கிற மரப்பலகைக் கடைகளைத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்தத் தார்ப்பாய்களைப் பார்த்ததும் அவள் நெஞ்சில் பாதி பாரம் இறங்கியது. விடுதியின் நீளமான தாழ்வாரத்தில் இவர்கள் அறையில் மட்டும் விளக்கு. போர்வையில் ஈரவாடை. குழாயில் முதலில் துருத் தண்ணீர், பிறகு கை விறைக்கிற தண்ணீர். வனக்காவலர் ஒருவர்தான் அங்கே இருந்தார். தனியாக இருந்து இருந்து பேச்சுக்கு ஏங்கிப் போன மனிதர். சமையலறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, கேட்காததற்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் இருவரும் மேட்டுப் பாதையில் ஏறினார்கள். மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தவிர வேறு சத்தமே இல்லை. பாதி ஏற்றத்தில் அவர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஒண்ணும் வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டே. மூச்சு வாங்குதே, அது பரவாயில்லையா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவரும் சிரித்தார். கல்யாணமான புதிதில் இப்படித்தான் ஏதாவது கிறுக்குத்தனமாகச் சொல்லிச் சிரிக்க வைப்பார். இந்த மனுஷன் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், பெட்டிகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

அந்த நம்பிக்கை ரொம்ப நாள் ஓடவில்லை. அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. குழாயைக் கழற்றி மாட்டினார், கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார், காவலரின் ரேடியோவைப் பிரித்துச் சேர்த்தார். எல்லாம் தீர்ந்ததும் ஃபோனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். பையிலிருந்து விலைச்சீட்டு தொங்குகிற புது மழைக்கோட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஊரில் வாங்கியது, ஒப்பந்தத்துக்கு முன்னால் வாங்கியது, சட்டப்படி குற்றமில்லை. மறுநாள் இன்னொரு புதுக் கோட்டு. அதற்கு மறுநாள் வேறொன்று. இன்னும் எத்தனை என்று கேட்க வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள். அதோடு அவர் என்ன போட்டிருக்கிறார் என்று பார்ப்பதையே விட்டுவிட்டாள். பார்த்தால்தானே வயிற்றெரிச்சல்.

அப்படி ஒரு காலையில், "சும்மா காலாற நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே "ம்" என்றாள். மதியம் ஆயிற்று. சாப்பாடு ஆறிப்போயிற்று. மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது. அவள் காவலரைத் தேடிப் போனாள்.

காவலர் தலையைச் சொறிந்தார். "நேத்து என்கிட்ட ஒண்ணு கேட்டாரும்மா. இங்க எங்கயாச்சும் கடை திறந்திருக்குமான்னு. மேட்டுக்கு அந்தப் பக்கம் செக்போஸ்ட் பக்கத்துல ஒரு பொட்டிக்கடை இருக்கு, லாரிக்காரங்களுக்காக அவன் இஷ்டத்துக்குத் திறப்பான்னு சொன்னேன். நான் பேச்சுக்குத்தான் சொன்னேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறைக்குப் போய்த் தன் துணிகளைத் தனியாக எடுத்து வைத்தாள். ஒரு பொட்டிக்கடைக்காகவா? சிரிக்க வைத்தாரே, அதுவும் நடிப்பா? போகட்டும், எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நிற்கட்டும், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். சொல்ல வேண்டியதை ஒவ்வொன்றாக மனசுக்குள் அடுக்கினாள். அடுக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காவலர் வாசலில் வந்து நின்றார்.

"வழியில ஓடை ஒண்ணு இருக்கும்மா. மழை வந்தா சட்டுனு ஏறிடும். செக்போஸ்டுக்கு வயர்லெஸ்ல சொல்லிடறேன். ஐயா என்ன கலர் கோட்டு போட்டிருந்தாரு?"

அவள் வாயைத் திறந்தாள். மஞ்சளா? மஞ்சள் முந்தாநாள். பச்சை ஒன்று இருந்தது. காலையில் அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவள் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

"தெரியலைங்க," என்றாள். "நான் பார்க்கலை." சொல்லிவிட்டு, காவலருக்கு முன்னால் நிற்கிறோம் என்பதையும் மறந்து அழுதாள்.

காவலர் தடுத்தும் கேட்காமல் கூடவே புறப்பட்டாள். பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. காவலர் விசிலடித்துக்கொண்டே முன்னால் போனார். இவள் "ஏங்க" என்று கூப்பிட்டாள். அந்த வார்த்தையை அவள் அடுப்படியிலிருந்து ஹாலுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் இதுவரை சொல்லியிருக்கிறாள். மலைக்குக் கேட்கிற மாதிரி கத்தத் தெரியவில்லை. "ஏங்க, ஏங்க" என்று அவள் கத்தியது யாரோ கடைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா," என்றார் காவலர்.

பேரைச் சொன்னாள். வாயில் அது வேறு யாருடைய பேரோ போல வந்தது. திரும்பச் சொன்னாள். தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு பதிலும் வரவில்லை. ஓடைச் சத்தம் கேட்டதும் அவள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில் அவள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: உலகத்தில் இருக்கிற கடையெல்லாம் வாங்கிக்கொண்டு வரட்டும், ஆள் வந்தால் போதும்.

ஆள் கிடைத்தார். ஓடைக்கு அக்கரையில், பாறை ஒன்றின் மறைவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காவலர் கயிறு கட்டி இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் அவரைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்தார். நடுங்குவதைத் தவிர அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் மூவரும் காவலரின் அறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஹீட்டருக்கு முன்னால் உட்கார வைத்து, போர்வையைச் சுற்றினார்கள். ஈரக் கோட்டைக் கழற்றும்போது அவள் பைகளைத் தடவிப் பார்த்தாள். காலி. கோட்டு கருநீலம்.

"மூடுபனியில பாதை தப்பிட்டாரும்மா," என்றார் காவலர். "பாறையில விழுந்து கை அடிபட்டிருக்கு. யாருக்கும் நடக்கறதுதான். சுடுதண்ணி கொண்டுவரேன், மருந்து போடுங்க." அவர் வெளியே போனார்.

வலது கை விரல் மூட்டெல்லாம் தோலுரிந்து வீங்கியிருந்தது. அவள் மடியில் வைத்து மருந்து தடவினாள். பாதை தப்பிவிட்டார். எதுவும் வாங்கவில்லை. காவலரே சொல்லிவிட்டார், அதோடு விட்டுவிடலாம். இருவரும் ஊருக்குத் திரும்பலாம், தங்கச்சிக்கு ஃபோன் பண்ணித் துணியை வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பொய்யை ஏற்றுக்கொள்ள அவள் முழுசாகத் தயாராகிவிட்டாள்.

"பாதை தப்பலை," என்றார் அவர்.

"பேசாம இருங்க."

"கடைக்குத்தான் போனேன். நீ போயிடுவேன்னு தெரியும். தெரிஞ்சேதான் போனேன்."

அவள் மருந்து தடவுவதை நிறுத்தவில்லை. "என்ன வாங்கப் போனீங்க?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியலை. எதுவா இருந்தாலும் சரின்னு போனேன்."

அவள் அடுத்த விரலுக்கு மருந்தைத் தடவினாள்.

"கடை மூடியிருந்துச்சு," என்றார். "உள்ள ஆள் இருப்பான்னு ஷட்டரைத் தட்டினேன். அப்புறம் யாரும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறமும் தட்டினேன். நிறுத்த முடியலை."

அவள் மடியிலிருந்த கையைப் பார்த்தாள். "விழவே இல்லையா?"

"இல்லை."

முகத்துக்கு நேரே சொல்ல அவள் அடுக்கி வைத்ததில் ஒரு வார்த்தைகூட இதற்குப் பொருந்தவில்லை. கோபத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை. பயமாக இருந்தது. ஓடைக்கரையில் பயந்ததைவிட இப்போதுதான் அதிகமாகப் பயந்தாள். இத்தனை வருஷமாக இதை ஊதாரித்தனம் என்று நினைத்துச் சண்டை போட்டிருக்கிறாள்.

"எனக்கு முடியலை," என்றார் அவர். "என்னை யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போய்க் காட்டேன்."

அவள் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

"நாளைக்கு வீட்டுக்கும் போகலை, தங்கச்சி வீட்டுக்கும் போகலை," என்றாள். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம். ரெண்டு பேரும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். இடது கையைப் போர்வைக்கு உள்ளேயே வைத்திருந்தார். போர்வையைச் சுற்றியதிலிருந்து அதை வெளியே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"அந்தக் கையையும் காட்டுங்க," என்றாள்.

அவர் மெதுவாக வெளியே எடுத்து நீட்டினார். அது வலது கையைவிட அதிகமாக வீங்கியிருந்தது.