முழங்கால் உயரத்தில் ஒரு கேமரா

எங்கள் அண்ணி வனக்காவலர். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அவரிடம் ஒரு காரியம் சொல்வதற்கு முன் அண்ணனே தொண்டையைச் செருமிக்கொள்வார். அண்ணியின் சீருடைச் சட்டையில் காலர் நூல் பிரிந்து தொங்கும். பூட்ஸ் மட்டும் பளபளவென்று இருக்கும். கேட்டால், "சட்டையை ஆள் பாப்பான். பூட்ஸைப் பாம்பு பாக்கும்" என்பார்.

மலைச் சைக்கிள் ஓட்டும் எங்களை அவருக்கு ஆரம்பத்தில் பிடிக்காது. காப்புக்காட்டின் ஓரத்தில் மரம் இறக்கிய பழைய தடம் ஒன்று இருந்தது. அதைச் சைக்கிளுக்குத் திறந்துவிடச் சொல்லி நாங்கள் இருபது பேர் மனு மேல் மனு போட்டோம். ஒன்றும் நகரவில்லை. கடைசியில் அண்ணிதான் இறங்கினார். மூன்று வருடம்! ஒவ்வொரு வளைவையும் டேப் பிடித்து அளந்தார், வரைபடம் போட்டார், அதிகாரியின் அறை வாசலில் நின்றே ஒரு ஜோடி பூட்ஸைத் தேய்த்தார். "ஓட்டிப் பாக்காம எப்படி எழுதறது?" என்று நாற்பத்தாறு வயதில் என்னிடம் சைக்கிள் பழகினார். என் சைக்கிள் கடை வாசலிலேயே இரண்டு முறை விழுந்தார். சிரித்ததற்கு என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது. பாதை திறக்கும் நாளில் முதல் ஆளாக அவர் ஓட்டுவதற்கென்று ஒரு சைக்கிளை அவர் உயரத்துக்கு அளவெடுத்துக் கோத்து வைத்திருந்தேன்.

திறப்பதற்கு ஒரே நிபந்தனை. மான்கள் குட்டி போடும் மூன்று மாதம் எங்கள் குழுவில் ஒருவரும் தடத்துக்கு மேலே இருக்கும் மேல்காட்டுக்குள் போகக் கூடாது. ஒருவர் போனாலும் எல்லாருக்கும் அனுமதி ரத்து. குழுவின் சார்பில் கையெழுத்துப் போட்டவன் நான்.

போனவனும் நான்தான்.

காரணம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. புது டயர் மாட்டியிருந்தேன், மழை விட்டு மண் பதமாக இருந்தது. அவ்வளவுதான். மான்களைக் கண்காணிக்க மேல்காட்டில் அண்ணி வைத்த தானியங்கிக் கேமரா எந்த மரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கட்டியபோது வார்ப்பட்டையைப் பிடித்தவனே நான். அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு! கீழே பாதை அளந்த சத்தத்தில் மான்களும் அந்த மரத்தைவிட்டு விலகி நடக்கத் தொடங்கியிருந்தன. அண்ணி கேமராவை அவற்றின் புதுத் தடத்துக்கு மாற்றியிருந்தார். அது எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில் என் முன்னால் ஒரு படத்தை வைத்தார். மானுக்காகக் கட்டும் கேமரா முழங்கால் உயரத்தில் இருக்கும், ஆள் முகம் விழாது. படத்தில் ஒரு சக்கரமும் ஒரு காலும்தான் இருந்தன.

"இது யாரு?"

"தெரியலையே அண்ணி."

"முட்டில ஏழு தையல். ஆஸ்பத்திரில உன் காலைப் பிடிச்சுக்கிட்டு எண்ணினவ நான்."

அப்போதும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். "முகம்தான் தெரியலையே, யாரோ வெளியாள்னு எழுதிடுங்க. மூணு வருஷம் நாயா அலைஞ்சீங்களே அண்ணி, அதுக்காகவாவது."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. இன்னும் மூன்று படங்களை வரிசையாக வைத்தார். முதல் படத்தில் தாய் மானும் பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத குட்டியும். நேரம் காலை ஆறு பத்து. என் சக்கரத்தின் நேரம் ஆறு பதினாலு. அடுத்ததில் குட்டி மட்டும் அதே புல்லில் நின்றது, மறுநாள் மதியம். கடைசிப் படம் அதற்கும் மறுநாள். குட்டி படுத்துக் கிடந்தது, திறந்த கண்ணில் ஈக்கள்.

"தாய் திரும்பி வரவே இல்ல" என்றார் அண்ணி. "இதையும் யாரோன்னு எழுதணுமா?"

அண்ணன் எழுந்துபோய், சாப்பிடாத கையைக் கழுவிக்கொண்டு நின்றார்.

'அடையாளம் தெரிந்த நபர். என் கணவரின் தம்பி' என்று அறிக்கை போனது. "முகம் இல்லையேம்மா, விட்டுடலாமே" என்று அதிகாரியே சொன்னாராம். அண்ணி விடவில்லை. அனுமதி ரத்தானது. குழுவில் பாதிப்பேர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

தடத்தின் வாயில் 'அனுமதி இல்லை' பலகை நட, அண்ணி என்னையே கூப்பிட்டார். நான் குழி தோண்டினேன், அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குன்னு ஒரு சைக்கிள் வச்சிருந்தியே, இருக்கா?"

"இருக்கு அண்ணி. கடையிலேயேதான் இருக்கு."

"வித்துடுப்பா" என்றார். "ஓட்டறதுக்குன்னு நான் வேற பாதை எதுவும் அளக்கல."