வாயு என்று சொன்னேன்

முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தினேன். இதயத் தசைச் செல்லைப் பற்றிச் சொல்லும் நாள்தான் எனக்குப் பிடித்த நாள். உடம்பிலிருந்து பிரித்துக் கண்ணாடித் தட்டில் வைத்தாலும், சத்து நீர் இருக்கும்வரை அது தானாகத் துடிக்கும். வெவ்வேறு தாளத்தில் துடிக்கும் இரண்டு செல்கள் தொட்டுக்கொண்டால், சற்று நேரத்தில் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பேன்.

அத்தனையும் தெரிந்த நான்தான் அன்று வாயு என்று சொன்னேன்.

ஏகாதசிக்கு மறுநாள். என் மனைவி விடியுமுன் அகத்திக்கீரை சமைத்து, ஆறு மணிக்கு விரதம் விட்டுப் பாரணை முடித்தாள். முடித்த கையோடு மார்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்னா, மாரை அழுத்தறது. தாடைகூட வலிக்கறது."

"நேத்தெல்லாம் பட்டினி. வெறும் வயித்துல கீரை. வாயுதான், வேறென்ன?"

ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் பேப்பரை எடுத்தேன். இன்னும் இரண்டு தடவை வந்து சொன்னாள். இரண்டு தடவையும் ஓமம்தான். பன்னிரண்டு மணிக்கு அவள் புடவை வியர்வையில் நனைந்திருந்ததைப் பார்த்த பிறகே ஆட்டோ பிடித்தேன்.

"எப்பலேர்ந்து நோவுது?" என்றார் ஆட்டோக்காரர்.

"காலைலேர்ந்து."

"இன்னா சாமி, படிச்சவர் மாரி கீற. இம்மாம் நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்த?" மாட வீதி நெரிசலில் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் எப்போதிலிருந்து வலி என்றுதான் கேட்டார். நான் சொல்வதற்குள் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் முந்திக்கொண்டாள். "பத்து மணி இருக்கும்." எனக்காகச் சொன்ன பொய். டாக்டரம்மா கேஸ் ஷீட்டில் பத்து என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரத்தம் நின்றதும் அந்தச் செல் உடனே சாவதில்லை. முதலில் சுருங்குவதை நிறுத்துகிறது. மிச்சமிருக்கும் சக்தியை உயிர் தரிக்க மட்டும் வைத்துக்கொண்டு, இரத்தம் வரும் என்று காத்திருக்கிறது. அரை மணியில் சில சாகத் தொடங்கும். மற்றவை மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இதையும் நடத்தியிருக்கிறேன். அவை காத்திருந்த நேரத்தில் நான் தலையங்கம் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து எக்கோ எடுக்கப் போனோம். டாக்டரம்மா திரையையும் பழைய கேஸ் ஷீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பத்து மணிக்கு வலி. மதியமே அடைப்பை எடுத்துட்டோம். அதுக்கு இவ்ளோ தழும்பு இருக்கக் கூடாதே."

"ஆறு மணி, டாக்டர். நான்தான் வாயுன்னு சொல்லி உக்காத்தி வெச்சேன்."

"இப்போ அதெல்லாம் எதுக்கு?" என்றாள் ஒருக்களித்துப் படுத்திருந்தவள். "ஓமத் தண்ணி நன்னாத்தான் இருந்தது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பத்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

இதயத்தின் கீழ்ச்சுவரில் ஓரிடம் அசையாமல் கிடந்தது. அங்கே செத்த செல்கள் இனி முளைக்காது. சுற்றியிருந்த தசை, தன் பங்கோடு அதன் பங்கையும் சேர்த்துச் சுருங்கியது. ஒவ்வொரு துடிப்பிலும் அந்தத் தழும்பையும் கூடவே இழுத்துக்கொண்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று பார்த்தேன்.