குப்பை போதாத கடற்கரை

அஜ்மான் கடற்கரையில் கார்மேகத்தின் பொறுப்பில் இருந்த இடம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இந்த முனையில் ஐஸ்கிரீம் கடை, அந்த முனையில் புதிதாக எழும்பிய ஹோட்டல். நடுவில் எவனாவது ஒரு சிகரெட் துண்டைப் போட்டுவிட்டுப் போனாலும் கார்மேகத்துக்குப் பொறுக்காது. காலை ஐந்து மணிக்கு மணலை வாரும் ரேக்கும் கறுப்புப் பையுமாக இறங்குவான். ஏழு மணிக்கு வந்து பார்த்தால் மணல் தலை வாரிவிட்டதுபோல வரிவரியாகக் கிடக்கும். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கருவேலங்காட்டு ஆள். கடலுக்கும் அவனுக்கும் ஊரில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் மூன்று வருஷத்தில் அந்த மணல் அவன் சொந்த வாசல் மாதிரி ஆகிவிட்டது. பலதியா என்று அங்கே சொல்லும் நகராட்சியிலிருந்து ஞாயிறுதோறும் இன்ஸ்பெக்டர் வண்டியில் வருவார். கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போவார். ஒருநாள்கூடக் குறை சொன்னதில்லை.

2007 தை பிறந்தபோது கார்மேகம் நாள் எண்ணிக்கொண்டிருந்தான். லீவு கிடைத்திருந்தது. தங்கை சரசுவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? சரசுவுக்கு இருப்பது ஒரே அண்ணன். இவன் லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று. பிள்ளைக்கு ஐந்து வயது. மூளிக் காதோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. தை இருபத்தைந்து என்று குலதெய்வக் கோயிலில் சொல்லி வைத்தாயிற்று. "இந்தத் தடவையும் நீ வரலைன்னா எம் மாமியா பெரிய மாமன் மகனை மடியக் காட்டச் சொல்லிருவாக. அப்புறம் நீ வந்தாலும் ஒண்ணு, வராட்டியும் ஒண்ணு" என்று சரசு போனில் அழுதிருந்தாள்.

இந்த நேரத்தில்தான், பலதியாவிடம் துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பெனியின் சூப்பர்வைசர் சேதுபதி வந்தான். கமுதிக்காரன். நம்ம ஊர் ஆள் என்று கார்மேகம் அவனைத் தலையில் தூக்கி வைத்திருந்தான்.

"கார்மேகம், வெள்ளிக்கிழம வரைக்கும் கடக்கரையத் தொடாத" என்றான்.

"ஏண்ணே?"

"ஹோட்டல்காரங்க ஊரு ஆள்களைக் கூட்டிட்டு வந்து கிளீன் பண்ணப் போறாக. டீசர்ட்டு, தொப்பி, போட்டோ எல்லாம் இருக்கு. போன வருசம் வந்தவுக அரைமணி நேரத்துல வெறும் பையோட திரும்பிட்டாகளாம். குப்பையே இல்லையேன்னு ஹோட்டல்காரன் நம்ம ஆபீசுக்குப் போனைப் போட்டு ஏசியிருக்கான்."

கேட்டீர்களா அநியாயத்தை! கடற்கரை சுத்தமாக இருக்கிறது என்று ஒருத்தன் புகார் செய்கிறான், அதற்கு இன்னொருத்தன் மன்னிப்புக் கேட்கிறான். கார்மேகத்துக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"பலதியாவுல கேட்டா?"

"நான் இருக்கேன்ல? போய்ப் படு, போ."

மூன்று நாள் கார்மேகம் ரேக்கைத் தொடவில்லை. கம்பெனி தங்கவைத்திருந்த கேம்ப்பில் படுக்கவும் முடியவில்லை. சும்மா போய் நின்று பார்ப்பான். ஒரு பெப்சி டப்பா உருளும். கை தானாகக் கீழே போகும். பிறகு இழுத்துக்கொள்வான். ஆனால் அது குளிர்காலம். காற்று வேறு. ஜனம் வரவில்லை. மூன்று நாளில் சேர்ந்த குப்பை ஒரு பைக்குக்கூடக் காணாது.

வியாழக்கிழமை மத்தியானம் சேதுபதி பிக்கப் வண்டியில் எட்டுப் பைகளைக் கொண்டுவந்து இறக்கினான். தையல் கடைகள் இருக்கிற தெருவில், குப்பைத்தொட்டியிலிருந்து அள்ளி வந்தது.

"அவுத்துப் பரப்பி விடு."

"அண்ணே, பெருக்குற கையால கொட்டச் சொல்றீங்களே!"

"ஏலே, லீவுக்குப் போற ஆளு நீ. ஆபீசுல நல்ல பேரோட போகவேணாமா? யல்லா, ஜல்தி!"

லீவு என்ற சொல்லை எங்கே போட்டால் இவன் மடங்குவான் என்று அவனுக்குத் தெரியும். கார்மேகம் பைகளை அவிழ்த்தான். வெட்டித் தள்ளிய துணித் துண்டுகள், நூல் கண்டு, பிரியாணி டப்பா, வெங்காயச் சருகு. தன் மணலில் தானே பரப்பினான். பார்த்தவன் எவனும் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

வெள்ளிக்கிழமை காலை ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். எல்லாருக்கும் நீல டீசர்ட். கார்மேகத்தை மட்டும் சேதுபதி பிக்கப் வண்டிக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லிவிட்டான். வேலைக்காரன் உடுப்பு போட்டோவில் விழுந்தால் நன்றாக இருக்காதாம். வண்டிக்குப் பின்னால் நின்ற கார்மேகத்தின் காதில் தமிழ் விழுந்தது. "எம்மாடி, எவ்வளவு குப்பை! இதெல்லாம் மனுசங்க வந்து போற இடமா?" என்று ஒரு அம்மாள் மூச்சிரைக்கப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஜோதிமணி. அஜ்மானில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஒரு மாத விசிட்டில் வந்தவள், காலையில் நடக்கும்போது ஹோட்டல் வாசலில் பேனரைப் பார்த்துப் பேர் கொடுத்திருந்தாள். வந்த இடத்தில் நாலு பேருக்கு நல்லது செய்வோமே என்ற எண்ணம். பத்திரிகைக்காரன் அவளை நிறுத்திப் படம் எடுத்தான். கை நிறையக் கலர்கலராகத் துணித் துண்டுகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். நம்ம ஊர் அம்மாவுக்கு எவ்வளவு மரியாதை என்று கார்மேகம் வண்டிக்குப் பின்னால் நின்று சந்தோஷப்பட்டான். பாவி மனுஷன், சந்தோஷப்பட்டான்.

அவள் சொன்னது மறுநாள் பேப்பரில் வந்தது. சேதுபதிதான் கேம்ப்புக்கு வந்து வாசித்துக் காட்டினான். 'இப்படி அசிங்கமான கடற்கரையை நான் பார்த்ததே இல்லை. இதைக் கூட்டுவதற்கு ஆளே கிடையாதா? இருந்தால் அந்த ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறாரா?' கீழே அவள் பேர், இந்தியாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி என்று.

"பலதியாவுல பெரிய ஆள்களெல்லாம் பாத்துட்டாகப்பா. ஆபீசைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டாக. யாராச்சும் ஒருத்தன் மேல போட்டாத்தான் ஆபீசு தப்பிக்கும். உன் லீவு கேன்சல். இனி அடுத்த வருசம்தான்."

"அண்ணே, நீங்கதான..."

"நான் எங்க போட்டேன்? ஆபீசு போட்டது" என்றான் சேதுபதி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

ஞாயிறு காலை ஜோதிமணி நடக்க வந்தாள். பேப்பரை மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். கார்மேகம் ரேக்கைக் கீழே போட்டுவிட்டு எதிரே போய் நின்றான்.

"அந்தத் தூங்குற ஆளு நான்தேன் அக்கா. நல்லாப் பாத்துக்கங்க."

அவள் திகைத்துப் போனாள். "யாரு தம்பி நீங்க?"

"இந்தக் கடக்கரையக் கூட்டுறவன். மூணு வருசமா ஒரு நாளு விட்டதில்ல. படத்துல உங்க கையில இருக்கே, அந்தத் துணி, அது எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு நிமிசம் யோசிச்சீங்களா? கடல்லயா தையக்கடை வச்சிருக்கான்? நீங்க பொறுக்குறதுக்காகக் கொட்டச் சொன்னாக. இந்தக் கையாலதேன் கொட்டினேன்!"

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். காதுகுத்து, சரசு அழுதது, பிக்கப் வண்டி, எட்டுப் பை. ஜோதிமணி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்து போயிற்று.

"அடப்பாவிகளா! என்னை வச்சு நாடகம் போட்டிருக்கானுங்களே. என் வாயில வசம்பு வச்சுத் தேய்க்க! பக்கத்துல நின்ன ஒருத்தர்கிட்டயாவது கேட்டுட்டுப் பேசியிருக்கக் கூடாதா நானு?"

"இப்பப் பேசுங்க. இன்ஸ்பெக்டரு வர்ற நேரம். எனக்கு இங்கிலீசு தெரியாது."

இன்ஸ்பெக்டர் வந்தார். அன்றைக்குக் கட்டைவிரல் காட்டவில்லை. ஜோதிமணி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு பேப்பரை நீட்டினாள், தன் படத்தைத் தானே குத்திக் காட்டிப் பேசினாள். "எழுதிக்கொள்ளுங்கள், நான் சாட்சி" என்று இங்கிலீஷில் மூன்று தடவை சொன்னாள். அவர் படத்தை உற்றுப் பார்த்தார். துணித் துண்டுகளையும் பார்த்தார், கார்மேகத்தையும் பார்த்தார். "ஹராம்" என்று, பாவம் என்கிற அர்த்தத்தில், வாய்க்குள் சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். கார்மேகத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உண்மை வெளியே வந்துவிட்டது, இனி லீவு தன்னால் வந்துவிடும் என்று நம்பினான்.

உண்மை வெளியே வந்தது நிஜம்தான். கம்பெனிக்கு அபராதம் விழுந்தது. செவ்வாய்க்கிழமை கார்மேகத்தை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலியில் சேதுபதி உட்கார்ந்திருந்தான்.

"நான் எப்பக் குப்பையக் கொட்டச் சொன்னேன்? இவனாக் கொட்டியிருப்பான் சார்" என்று இந்தியில் மேனேஜரிடம் சொன்னான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மேனேஜர் மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார். எல்லாம் இங்கிலீஷும் அரபியும். "பாய், உனக்கு எது இஷ்டமோ அதில் கையெழுத்துப் போடு" என்றார். சேதுபதிதான் தமிழில் எடுத்துச் சொன்னான். முதல் தாள், மூன்று நாள் வேலைக்குப் போகாமல் ஏமாற்றினேன், குப்பையை நானே கொட்டினேன் என்பது. அதில் போட்டால் வேலை இருக்கும், லீவு அடுத்த வருஷம். இரண்டாவது தாள் விசா கேன்சல். வாரக் கடைசியில் ஊருக்குப் போய்விடலாம். திரும்பி வர முடியாது.

"முதல்ல உள்ளதுல போடுப்பா. உன் நல்லதுக்குத்தேன் சொல்றேன். ரெண்டு எழுத்துதான, யாரு வாசிக்கப் போறா?"

கார்மேகத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எட்டுப் பை குப்பையைக் கொட்டச் சொன்னவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கொட்டியவன் நின்றுகொண்டு, நான் திருடன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"நான் தூங்குனேன்னு எழுதிக் குடுக்கவா? நான் கூட்டுன மணல்ல நீ சோத்தப் போட்டுத் தின்னலாம்ல! உன் வாயில வர்ற அழுக்கத்தேன் எந்த ரேக்கு வச்சும் வார முடியாது" என்று கத்தினான். மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். கார்மேகம் இரண்டாவது தாளை இழுத்துப் பெரிய எழுத்தாகக் கையெழுத்தைப் போட்டான்.

ஜோதிமணி சும்மா இருக்கவில்லை. நடந்ததை எல்லாம் எழுதி அந்தப் பேப்பருக்கே அனுப்பினாள். இரண்டு தடவை அனுப்பினாள். அவள் படத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டவர்கள் அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடப் போடவில்லை. விசா முடிந்து அவளும் திண்டுக்கல்லுக்குத் திரும்பினாள்.

தை இருபத்தைந்து. குலதெய்வக் கோயில் வேப்பமரத்தடியில் கார்மேகம் புது வேட்டியில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் அது ஊரைக் கூட்டியது. கார்மேகம் அதன் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். அழுகை ஓய்ந்து, எல்லாரும் பந்திக்குப் போனபிறகு சரசு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"எத்தனை நாளு லீவுண்ணே?"

"லீவு இல்ல சரசு. விசாவக் கேன்சல் பண்ணி அனுப்பிட்டாக."

அவள் முகம் சட்டென்று மாறியது. பந்தியில் யாருக்காவது கேட்டதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்.

"அப்படி என்னண்ணே தப்புப் பண்ணுன?"

கூடப் பிறந்தவளே கேட்டுவிட்டாள். கார்மேகம் மடியில் தூங்கிப்போன பிள்ளையைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றான்.

"கடக்கரையச் சுத்தமா வச்சிருந்தேன்" என்றான்.