ஹால் பாக்ஸுக்கு ஒரு மூடி

ஜங்ஷன் பாக்ஸ் என்பது சுவருக்குள் ஒயர்கள் எல்லாம் ஒன்றுசேரும் இடம். எலக்ட்ரீஷியனின் மானம் போகும் இடமும் அதுதான்.

எலக்ட்ரீஷியன்களான எங்களுக்காகக் காத்திருந்து நொந்துபோனவர்களே, உங்கள் வீட்டு பாக்ஸுக்காவது ஒரு மூடி இருக்கும். என் வீட்டு ஹாலில் ஒயர்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. அன்று சாயங்காலம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா குரோம்பேட்டையில் பிளம்பர், வேலையில் படு சுத்தம் என்று பேர். மூடி போடாவிட்டால் சம்பந்தமே கெட்டுப்போகும் என்று என் மனைவி மெர்சி காலையிலேயே பிடித்துக்கொண்டாள். தாம்பரத்தில் ஒரு மூடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மேடவாக்கத்துச் சுவர்

அபார்ட்மென்ட்டில் பெட்ரூம் விளக்கு எரியவில்லை. பெயின்டர்கள் பாக்ஸ் மேலேயே பட்டி பார்த்து, தடமே தெரியாமல் மறைத்திருந்தார்கள். ஐ.டி.க்காரத் தம்பி லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தார். நான் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டி, சுவரில் காதை வைத்துக் கேட்டு, ரொம்ப நம்பிக்கையாக ஓரிடத்தில் கொத்தினேன். செங்கல். இன்னோரிடம், அதுவும் செங்கல். கடைசியில் பாக்ஸ் கிடைத்தது, ஆனால் அதன் மூடி உடைந்துவிட்டது. பையிலிருந்ததை அங்கே மாட்ட வேண்டியதாயிற்று. தம்பி ஹெட்போனைக் கழற்றினார்.

"டாக்டர் மாதிரி தட்டிப் பாத்தீங்க, சரிண்ணா. நோயில்லாத எடத்துலயும் ஆபரேஷன் பண்ணிட்டீங்களே."

பம்மல் பெல்

வழியில் இன்னொரு மூடி வாங்கினேன். பம்மலில் ஓர் அக்கா வீட்டில் காலிங் பெல் அடிக்கவில்லை. பாக்ஸைத் திறந்தால் ஒயரெல்லாம் ஒரே நிறம். டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கலாம். நமக்கில்லாத அனுபவமா என்ற திமிரில் முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். அக்கா வாசலில் பெல்லை அமுக்க, ஹாலில் ஃபேன் சுற்றியது. கையை எடுத்தார், நின்றது.

எல்லாவற்றையும் பிரித்து ஒழுங்காகச் சேர்த்தேன். அந்த பாக்ஸுக்கும் மூடி இல்லை. வெட்கத்தில் என்னுடையதைச் சும்மாவே மாட்டிவிட்டேன். அக்கா வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"பெல்லு அடிக்குது, சந்தோஷம். நம்ம வூட்ல இனிமே ஆளு வந்தாதான் காத்து வரும்னு நெனச்சுட்டேண்ணா."

எங்கள் ஹால்

ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வீடு சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். இனி எந்தக் கடைக்குப் போவது? சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியை எடுத்து டேப் போட்டு ஒட்டினேன். மெர்சி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மகள் காபி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அப்பா, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். சுத்தமான வேலைக்குத்தான் இன்றைக்கும் மதிப்பு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூடி அவர் டம்ளர் பக்கத்தில் வந்து விழுந்தது. ஒயர்கள் பழையபடி தொங்கின. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. என் சோம்பேறித்தனத்தால் பிள்ளை வாழ்க்கை கெட்டதே என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா மூடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, மெர்சியிடம் கொடுத்தார்.

"எங்க கிச்சன் குழாய்க்குக் கீழ பக்கெட்டு இல்லாத நாளே கிடையாதுங்க. உங்க பொண்ணு எங்க வீட்ல சீக்கிரம் பழகிடுவா."

கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று; மூடிக்குத்தான் இன்னும் நாள் அமையவில்லை.