அக்கா ஆடிய கிங்ஸ் கேம்பிட்

அந்த மண்டபத்தை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது செஸ் கடிகாரம்தான். ஒரு காயும் நகராத பலகைக்குப் பக்கத்தில் அக்காவின் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆண், பெண் எல்லோரும் கலந்து ஆடிய போட்டி, கடைசிச் சுற்று. ஜெயித்தால் மாவட்டப் பெண்கள் அணியில் இடம் உண்டு, டிரா போதாது. சூலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியில் ஆடியே பழகியவள் அக்கா. எதிரில் ஆள் உட்கார ஆடிய முதல் போட்டி அது.

ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். அக்காவுக்கு வெள்ளைக் காய். எதிராளி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இன்னும் வரவில்லை. ஒரு காயை நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கிவிட்டால் அவருடைய நேரம் ஓடும். அக்காவோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நான் செய்த சைகைகளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. நடுவரே வந்து, "உங்க நேரந்தானுங்க ஓடுது, ஆடுங்க" என்றார்.

"பெரியவரு வந்து உக்காரட்டுங்க. ஆளு வர்றதுக்கு முந்தி ஆரம்பிச்சா நல்லாவாங்க இருக்கும்?" என்றாள்.

பத்து நிமிடம் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அப்படியே சூலூர் பஸ்ஸில் ஏற்றியிருப்பேன்.

அவர் வந்ததும் எழுந்து கும்பிட்டாள். உட்கார்ந்தாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பலகையில் தயவு தாட்சண்யமே இல்லை. இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவுக்குக் காவல் நிற்கும் சிப்பாயைத் தூக்கிக் கொடுத்தாள். இதற்குப் பெயர்தான் கிங்ஸ் கேம்பிட். நேரம் குறைந்தவர்கள் தொடக்கூடாத ஆட்டம். ஒரு நகர்த்தல் பிசகினால் நம் ராஜாவே அம்போ. அடுத்துக் குதிரையையும் விட்டாள். ஆனால் அவர் அந்தக் காய்களை வெட்டி முடிப்பதற்குள் அவருடைய ராஜாவைக் குறிவைத்து அக்காவின் ராணியும் யானையும் வந்து நின்றுவிட்டன. பட்டறையில் கம்பி சுற்றும் அதே நிதானத்தில் அவள் கை போய்வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மணி, உங்களுக்கு ஒரு நிமிஷந்தான் இருக்குது. டிரா பண்ணிக்கலாமுங்களா?"

"மன்னிச்சுக்குங்க. ஆடியே பாத்துப்போடலாமுங்க."

ஒன்பது நொடி மீதி இருக்கும்போது செக்மேட். "எங்கக்காங்க அது!" என்று நான் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. நடுவர் என்னை வெளியே அனுப்பினார். வாசலில் நின்ற காவலாளியிடமும் அதையே சொன்னேன்.

இப்போது அக்கா அணியோடு ஊர் ஊராக ஆடப் போய்வருகிறாள். எந்த ஊரானாலும் என்னைக் கூட்டிப்போகிறாள், உள்ளே மட்டும் விடுவதில்லை. வாசலில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும், அவர்கள் கேட்பதற்கு முன்பே உள்ளே ஆடுவது யார் என்று சொல்லிவிடுவேன்.