மாரப்பனுக்கு நான் போட மறுத்த ஊசி

பனியன் கம்பெனி மேஸ்திரி, மாரப்பனின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டேதான் எங்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்தார்.

"சிஸ்டர், இவன் வாயை நீங்களே மோந்து பாருங்க. காலைலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான். தள்ளாடி மிஷின்ல விழப் பாத்தான், நாந்தான் புடிச்சு இழுத்தேன். முதலாளி வேலையை உட்டு நிறுத்தச் சொல்லிட்டாருங்க. குடிச்சிருக்கான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

மதுவிலக்கு இருந்த காலம். குடிகாரன் என்று பேர் வந்துவிட்டால் திருப்பூரில் எந்த பனியன் கம்பெனியும் சேர்க்காது. போலீஸ் வேறு. நானும் கூச்சப்படாமல் மோந்து பார்த்தேன். சாராய வாடை துளிகூட இல்லை.

"நான் தொட்டதே இல்லீங்க. நடந்தா தரை ஆடுதுங்க. இருட்டுல கால் எங்க போகுதுன்னே தெரியறதில்லீங்க" என்றார் மாரப்பன். அழுதுவிடுவார் போலிருந்தது.

அவருக்குக் காசநோய். நாற்பது நாட்களுக்கு மேலாக, தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. பொடியில் டிஸ்டில்டு வாட்டர் கலந்து இடுப்பில் போட்டது நான்தான். இருமல் குறைந்து, சோறு இறங்கத் தொடங்கியிருந்தது. நல்ல மருந்து, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிலருக்கு அது உள்காதைக் கெடுக்கும். காது கேட்காமல் போகலாம், நடை தள்ளாடலாம். நர்ஸ் படிப்பில் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொதிக்கவைத்து எடுத்த சிரிஞ்சைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, ஊசி போட்டாச்சா?"

"இல்லீங்க டாக்டர். நீங்க இவரைப் பார்க்காம போட மாட்டேனுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பாதியில நிறுத்தினா நோய் திரும்பி வரும், தெரியுமா? இங்க டாக்டர் நீயா, நானா?"

"நீங்கதாங்க. அதனாலதான் பாருங்கன்னு சொல்றேன். பார்க்காம போடணும்னா சிரிஞ்ச் இங்கதான் இருக்குதுங்க, நீங்களே போட்டுக்குங்க."

எனக்கு அது முதல் வேலை. குன்னத்தூரில் வீடே என் சம்பளத்தை நம்பி இருந்தது. ஆனாலும் வேலை போனால் போகட்டும் என்று நின்றேன்.

டாக்டர் பதில் பேசுவதற்குள் மாரப்பனையும் மேஸ்திரியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். "ரெண்டு பேரும் காலைச் சேத்து வெச்சுக் கண்ணை மூடுங்க." மேஸ்திரி நட்ட கம்பம் மாதிரி நின்றார். மாரப்பன் இரண்டு ஆட்டம் ஆடி அப்படியே சாய்ந்தார். நான் பிடித்திராவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

டாக்டர் கிட்டே வந்தார். காதைச் சோதித்தார், நடக்கவைத்துப் பார்த்தார். ஊசியை நிறுத்தி, சிகிச்சை விட்டுப்போகாதபடி வேறு மாத்திரைகள் எழுதினார்.

"இது குடி இல்லைன்னு கம்பெனிக்கும் எழுதிக் குடுங்க டாக்டர்" என்றேன்.

"அதையும் நீயே எழுதிக்கயேன்" என்று முறைத்தார். ஆனாலும் எழுதினார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியலைன்னா குடிச்சான்னு சொல்லக் கூடாதுங்க" என்று சீட்டைக் கையில் கொடுத்தேன்.

மாரப்பனுக்கு வேலை நிலைத்தது. மிஷினை விட்டு, உட்கார்ந்து பனியன் மடிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். மாத்திரையில் நோயும் குணமானது. தள்ளாட்டம் மட்டும் முழுதாகப் போகவில்லை. பொழுது சாய்ந்தால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

இதைக் கேட்பவர்கள் என்னை மெச்சுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அதற்குப் பத்து நாள் முன்பே அவர் என்னிடம், "காதுக்குள்ள ஙொய்யுன்னு இரையுதுங்க சிஸ்டர்" என்று சொல்லியிருந்தார். "நாள் பூரா மிஷின் சத்தத்துல நின்னா இரையாம என்ன செய்யும்?" என்று சிரித்துக்கொண்டே ஊசியை ஏற்றினேன். இந்த ஊரில் காது இரைச்சலை யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்? நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே நிறுத்திக் கேட்டிருந்தால் அவர் நடை இந்த அளவுக்குக் கெட்டிருக்காது. டாக்டர் எழுதினார் என்று நான் நழுவ முடியாது, போட்ட கை என்னுடையது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, அந்த ஊசிக்கு வந்த ஒவ்வொருவரையும் தினமும் காது எப்படி, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். வாசல்வரை நடக்கவைத்துப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், டாக்டர்கள் அதிகப்பிரசங்கி என்றார்கள். ஊசி பிடிக்கும் பெண்களே, உங்களையும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நீங்கள் கேட்டுவிட்டே போடுங்கள்.